இட்டு நிரப்பிய கணவர்

கணக்கெடுப்பாளர் வந்தபோது டிரைவரம்மா வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணி நேரம் கிளட்ச் மிதித்துவிட்டு வந்த கால்கள். பதினேழாம் தடத்துப் பஸ்ஸைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறவர். பயணிகளுக்கும் டிப்போவுக்கும் தெருவுக்கும் அவர் டிரைவரம்மாதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது.

வந்தவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறையில் சும்மா இருப்பார் என்று மக்கள்தொகைப் புள்ளிவிவரத் துறை அவரைப் பிடித்து இந்த வேலையில் போட்டிருந்தது. நல்ல மனிதர். ஆறு கேள்விகளை அழகாகக் கேட்டு அழகாக எழுதினார். ஏழாவது கேள்வி மணநிலை.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"ஆச்சு."

"வீட்டுக்காரர்?"

"போயிட்டாரு."

வாத்தியாரின் பேனா நின்றது. "அடடா. எத்தனை வருஷம்மா ஆச்சு?"

"பத்தொம்பது வருஷம்."

"திடீர்னா?"

"திடீர்னுதான். காலையில டீ குடிச்சிட்டு நல்லாத்தான் இருந்தாரு. சாயந்திரம் வந்து பாத்தா ஆள் இல்ல."

"நெஞ்சுதானாம்மா?"

"நெஞ்சுன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பண்ணுவாராங்க?"

இறந்தவர்களை உரிமையோடு திட்டுகிறவர்களை வாத்தியார் நிறையப் பார்த்திருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. ஐந்து கட்டங்களில் மூன்றாவதான 'துணையை இழந்தவர்' என்பதில் ஒரு குறி போட்டு, கைகூப்பிவிட்டுப் போனார். செத்துப்போனவருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவருக்கும் நம் மொழியில் ஒரே சொல்தான் இருக்கிறது என்பதைத் துறை யோசித்திருக்கவில்லை.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. துறை தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்திருந்தது. இறப்புச் சான்றிதழின் நகலை முப்பது நாட்களுக்குள் அனுப்பாவிட்டால் தங்கள் துணைவரின் மறைவு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது என்றும் சொல்லியிருந்தது. டிரைவரம்மா சிரித்தார். காற்றில் ஆடுகிற ஜன்னல் கதவுக்கு அண்டை கொடுக்கத் தடிமனான காகிதம் தேவைப்பட்டது; கடிதம் சரியாக இருந்தது.

சிரிப்பு நின்றது மகளின் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான்.

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை, குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். இருவரும் இரண்டு வருடமாகப் பழகி, இரண்டு வீட்டிலும் சொல்லி, யாரும் மறுப்புச் சொல்லாததால் கொஞ்சம் ஏமாந்துபோய் இருந்தார்கள். அந்த நேரம் மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கல்யாணத்தைப் பதிந்த காகிதம் இருந்தால் குடும்பமாகத் தங்க வீடு கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஆறு பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டில். ஒன்றரை மாதம்தான் இருந்தது.

பதிவு அலுவலகத்தில் படிவத்தை நீட்டினார்கள். அதன் பதினோராம் கட்டம், 'மணமக்களின் பெற்றோரது மணநிலை.' அங்கே இருந்த எழுத்தர் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு மகளை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்க அம்மா ஐயத்துல இருக்காங்கம்மா."

"எங்க அம்மா டூட்டியில இருக்காங்க சார்."

"இல்லம்மா. கம்ப்யூட்டர்ல. மணநிலை: ஐயம்னு காட்டுது. அது தெளியாம உங்க கல்யாணத்தைப் பதிய முடியாது."

"கல்யாணம் எனக்குத்தானே சார்?"

"கட்டம் அவங்களுக்கும் இருக்கே."

மறுநாள் டிரைவரம்மா காலை ஷிப்டை முடித்துக்கொண்டு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், துறைக்குப் போனார். மணநிலைப் பிரிவு மூன்றாம் மாடி. நீளமான கூடம். சுவரில் ஒரு படம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், யாருக்கும் முகம் வரையப்படவில்லை. கூடத்தில் ஐந்து ஜன்னல்கள், ஐந்து வரிசைகள். மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், பிரிந்து வாழ்பவர்.

வாசலில் நின்ற காவலாளி கேட்டார். "நீங்க எதும்மா?"

"அதைக் கேக்கத்தாங்க வந்தேன்."

"அது தெரிஞ்சாத்தாம்மா வரிசையில நிக்க முடியும்."

"எந்த வரிசை சின்னதா இருக்கோ அதுல நிக்கிறேன்."

சின்ன வரிசை ஐந்தாவது. அதில் ஒரே ஒருவர் நின்றிருந்தார். அவரும் பக்கத்து வரிசையில் நிற்கிற மனைவிக்குத் துணையாக வந்தவர். ஜன்னலில் இருந்த பெண் நீதிமன்ற உத்தரவு கேட்டார். பிரிந்து வாழ்வதற்கு உத்தரவு வேண்டுமாம். உத்தரவில்லாமல் பிரிந்து வாழ்கிறவர்கள் சேர்ந்து வாழ்கிறவர்களாகக் கருதப்படுவார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமானால் பிரிவு அலுவலரைப் பாருங்கள் என்றார்.

பிரிவு அலுவலரின் மேசையில் ஒன்பது பென்சில்கள், எல்லாம் ஒரே உயரத்தில், வரிசையாகக் கிடந்தன. ஒன்றை எழுதித் தேய்த்துவிட்டால் மற்ற எட்டையும் அவர் அந்த அளவுக்குச் சீவிவிடுவார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

"போயிட்டாருன்னா செத்துட்டாருன்னு நீங்களாவே எழுதிட்டீங்க சார். பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாருன்னுதான் நான் சொன்னது. வேற ஊர்ல பெயிண்ட் கடை வெச்சிருக்காரு. வேற குடும்பம்."

பிரிவு அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப அவர் உயிரோட இருக்காரா?"

"நல்லாவே இருக்காரு."

"இது ரொம்ப வருத்தமான செய்திம்மா" என்றார் பிரிவு அலுவலர். உண்மையாகவே வருந்தினார்.

"மணமாகாதவர்னு போட்டுடுங்க சார். எங்க கல்யாணத்தை நாங்க எங்கயும் பதியல. என்கிட்ட ஒரு போட்டோதான் இருக்கு."

அவர் தடிமனான கையேட்டைத் திறந்து விரலை வைத்தார். போன கணக்கெடுப்பிலும் அதற்கு முந்தியதிலும் டிரைவரம்மா மணமானவர். ஒரு முறை மணமானவர் எக்காலத்திலும் மணமாகாதவர் நிலைக்குத் திரும்பலாகாது.

"நீங்க பஸ் ஓட்டறவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? இது ஒருவழிப் பாதை."

"ஒருவழிப் பாதைன்னாலும் மறுமுனையில வெளிய போக வழி இருக்கும் சார். இல்லாட்டி அதுக்குப் பேரு முட்டுச்சந்து."

பிரிவு அலுவலர் கோபப்படவில்லை. விளக்குவது அவருக்குப் பிடித்த காரியம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சட்டப்படி மணநிலைங்கறதை நிறையப் பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. யார் யாரோட வாழறாங்க, யார் யாரோட சாப்பிடறாங்க, இதெல்லாம் வாழ்க்கை. அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல. நாங்க எடுக்கறது கணக்கு. என்னையே எடுத்துக்கோங்க. நானும் என் மனைவியும் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. அவங்க மாடியில, நான் கீழே. உப்பு வேணும்னா படியில சீட்டு எழுதி வெப்பேன். காலையில உப்பு இருக்கும். ஆனா சட்டப்படி நாங்க மணமானவங்க. என் கட்டத்துல ஒரு சின்னக் கறை கிடையாது."

"கஷ்டமா இல்லையா சார்?"

அவர் பென்சில்களைப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

பிறகு உண்மையான சிக்கலைச் சொன்னார். ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்பதால், மணமான ஆண்களும் மணமான பெண்களும் எண்ணிக்கையில் சமமாக இருந்தாக வேண்டும். அந்த அட்டவணையைச் சமப்படுத்தத்தான் மூன்றாம் மாடியே கட்டப்பட்டது. டிரைவரம்மாவை மணமானவர் என்று மாற்றினால் பெண்கள் பக்கம் ஒன்று கூடிவிடும். அலுவலகத்தில் இதற்கு 'மிகை ஒன்று' என்று பெயர். முன்பு ஒருமுறை மிகை ஒன்று வந்தபோது அதைத் தேடிப் போன எழுத்தர் எட்டு வருடம் தேடி, கண்டுபிடிக்காமலே பதவி உயர்வு பெற்றார்.

"அதனால உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரிச்சிடலாம்மா."

மூன்று வாரம் கழித்து, போனவர் வந்தார்.

டிரைவரம்மா அன்றைக்கு மாற்று ஷிப்டு வாங்கியிருந்தார். மகளும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். அவளுக்கு அப்பாவைப் பற்றி இருந்த ஞாபகமெல்லாம் ஐந்து வயதுக்குள் இருந்தவை: தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற கைகள், சோப்பு வாசனை. வந்தவரிடம் பெயிண்ட் வாசனை அடித்தது. தலைக்குச் சாயம் பூசியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் காகிதங்கள் வயது வாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஊரில் குடியேறின மாதமே ஒரு கணக்கெடுப்பாளர் அவர் கதவைத் தட்டியிருக்கிறார். 'மணமாகாதவர்' என்று இவர் சொல்லியிருக்கிறார். சொன்னதை அவர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வருடம் இன்னொரு பெண்ணோடு நடந்த கல்யாணத்தை முறையாகப் பதிந்திருக்கிறார். எல்லாம் உறைக்குள் இருந்தன.

"இந்த அம்மாவைத் தெரியுமா?" என்று பிரிவு அலுவலர் கேட்டார்.

போனவர் மேசையின் விளிம்பைப் பார்த்தார். "தெரியாது சார்."

டிரைவரம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து வைத்தார். மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். "இது நீ இல்லையா?"

பிரிவு அலுவலர் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். போனவரையும் பார்த்தார். "இதுல இருக்கிறவருக்கு மீசை இருக்கும்மா."

"மழிச்சா போயிடும் சார்."

"இருக்கலாம். ஆனா இவரோட ஃபைல் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. முன்னும் பின்னும் ஒத்துப்போகுது. உங்களுது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லுது."

"ஏன்னா நான் நடந்ததைச் சொன்னேன்."

"அதாம்மா பிரச்சினை" என்றார் பிரிவு அலுவலர்.

போனவர் இடக்கையால் கையெழுத்துப் போட்டார். வாசல் பக்கம் நின்றிருந்த மகள் தன் இடக்கையைப் பையின் பின்னால் வைத்துக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். நாற்காலியில் அவர் குடை கிடந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கொடுத்தாள்.

"நன்றிம்மா" என்றார் அவர். மகளுக்கு அவர் பத்தொன்பது வருடத்தில் சொன்ன ஒரே சொல் அது.

அன்று பிற்பகல் பதினேழாம் தடம் ஒரு நிறுத்தத்தில் நின்றது, நின்றபடியே இருந்தது. ஏறுகிறவர்கள் ஏறியாயிற்று. கண்டக்டர் இரண்டு முறை விசில் கொடுத்தார். டிரைவரம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. பிறகு அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

பத்து நாளில் அடுத்த கடிதம் வந்தது. தாங்கள் மணமானவர், ஆனால் தங்களுக்குக் கணவர் இல்லை, இது விடுபட்ட தகவலாகக் கருதப்படும். விடுபட்ட தகவல்களைச் சராசரியைக் கொண்டு இட்டு நிரப்புவது துறையின் வழக்கம். அதன்படி தங்களுக்கு ஒரு கணவர் இட்டு நிரப்பப்பட்டுள்ளார். விவரம்: வயது 51.4. பிள்ளைகள் 1.8. படிப்பு, பத்தாம் வகுப்பில் முக்கால்வாசி. புகைப்பழக்கம் 31 சதவீதம். தொழில், விற்பனை மற்றும் இதர. துறை தங்களுக்கு நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு இவர் எவ்வளவோ தேவலை. சத்தம் போட மாட்டாரு. துணி துவைக்க வேண்டியதில்ல."

"மூணுல ஒரு பங்கு சிகரெட் பிடிக்கிறாராம்க்கா."

"அந்தப் பங்கை வாசல்ல நிறுத்து."

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். 'ஐயம்' போய்விட்டது, இப்போது பன்னிரண்டாம் கட்டம் விழித்துக்கொண்டது. பெற்றோர் இருவரும் மணவாழ்வில் இருந்தால் இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

"அப்பா வரணும்னு சொல்றாங்கம்மா."

"எந்த அப்பா?"

"அம்பத்தொண்ணு புள்ளி நாலு."

மாற்றலுக்கு இன்னும் ஒன்பது நாள். மாப்பிள்ளை பெட்டிகளைக் கட்டத் தொடங்கியிருந்தார். 'நான் முன்னாடி போறேன், நீ அப்புறம் வா' என்று அவர் ஆறுதலாகச் சொன்னது மகளின் காதில் வேறு மாதிரி விழுந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். பெட்டியோடு ஓர் ஆண் முன்னாடி போவது அந்த வீட்டில் நல்ல ஞாபகம் கிடையாது.

இதற்கிடையில் சரிபார்ப்புக் குழு வந்தது. மூன்று பேர். இட்டு நிரப்பியவர்கள் ஒழுங்காக நிரம்பியிருக்கிறார்களா என்று பார்க்கிறவர்கள். பல் துலக்கும் பிரஷ்களை எண்ணினார்கள், இரண்டு. தலையணைகள்; இரண்டு. குழுத்தலைவர் கட்டிலின் கீழே குனிந்து பார்த்தார்.

"கணவர் எங்கம்மா?"

"நீங்கதானே அனுப்பினீங்க? வழியில எங்கயாவது இறக்கிவிட்டீங்களான்னு பாருங்க."

குழுத்தலைவர் 'வெளியே சென்றுள்ளார்' என்று எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு சொற்களைப் பார்த்தபோதுதான் டிரைவரம்மாவுக்குள் ஏதோ நிமிர்ந்தது. ஒருவன் போனதைச் சொன்னபோது இந்த ஆட்கள் நம்பவில்லை. வராதவன் வெளியே போயிருக்கிறான் என்பதை வாயெடுத்துக் கேட்காமலே எழுதிக்கொள்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளில், டிரிப் ஷீட் எழுதுகிற கையெழுத்தில், புகார் எழுதினார். 'தாங்கள் கொடுத்த கணவரை வந்த நாள் முதல் காணவில்லை. ஒன்று கொண்டுவந்து விடவும், அல்லது திரும்ப எடுத்துக்கொள்ளவும். இரண்டில் ஒன்று நடக்கும்வரை மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருப்பேன்.'

மறுநாள் உட்கார்ந்தார். பிரிவு அலுவலரின் மேசைக்கு எதிரே, காக்கிச் சட்டையோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு. சேர்த்து வைத்திருந்த விடுப்பு நிறைய இருந்தது.

"திரும்ப எடுத்துக்க முடியாதும்மா. வேணும்னா மணமுறிவுக்குப் போடலாம். அதுக்கு அவர் சம்மதிக்கணும்."

"சம்மதிப்பாரா?"

பிரிவு அலுவலர் ஓர் அட்டவணையைப் பார்த்தார். "நாற்பது சதவீதம் வாய்ப்பு இருக்கு."

இரண்டாம் நாள் ஐந்து வரிசைகளிலும் விஷயம் பரவிவிட்டது. பதினேழாம் தடத்தில் வருகிறவர்கள் பலர் அவற்றில் இருந்தார்கள். மணமுறிவு வரிசையில் நின்ற ஓர் ஆஸ்பத்திரித் தாதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துணையை இழந்தவர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இறப்புச் சான்றிதழில் மனைவி பெயரில் ஓர் எழுத்து தவறியதால் அவருடைய மனைவி அரைகுறையாகத்தான் இறந்திருக்கிறார் என்றார். ஜன்னல்களுக்கு முன்னால் வரிசை தேய்ந்து, டிரைவரம்மாவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. மூன்றாம் நாள் இயக்குநரே இறங்கி வந்தார்.

இயக்குநர் உயரமானவர், இனிமையாகப் பேசுகிறவர். கூட்டத்தைப் பார்த்ததும் கைகளை விரித்தார்.

"நம்ம துறைக்கு மக்கள் மேல அக்கறை இல்லைன்னு ஒரு தப்பான எண்ணம் இருக்கு. மக்கள்தாங்க எங்களுக்கு எல்லாம். லட்சக்கணக்கா வாங்க, தலைமேல வெச்சுக் கொண்டாடுவோம். ஆயிரம் பேரா வந்தாலும் ஒரு பத்தி ஒதுக்குவோம். ஒருத்தர் ஒருத்தரா வர்றப்பதான் எங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியறதில்ல. ஒரு தனி மனுஷர்ங்கறது, தப்பா நினைச்சுக்காதீங்க, புள்ளிவிவரப்படி ஒரு பிழை."

தாதி சிரித்துவிட்டார். இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

டிரைவரம்மா எழுந்து நின்றார். "சார், என் வண்டியில அறுபது பேர் ஏறுவாங்க. அறுபது பேரும் ஒருத்தர் ஒருத்தராத்தான் ஏறுவாங்க. கதவு அவ்வளவுதான் அகலம். மொத்தமா ஏத்தணும்னா சுவத்தை இடிக்கணும். நீங்க இடிச்சிட்டு இருக்கீங்க."

"உங்க கோரிக்கை என்னம்மா?"

"புருஷன் செத்தானா இருக்கானான்னு நீங்களே பேசித் தீத்துக்கோங்க. அதை நான் பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடியே விட்டாச்சு. என் பொண்ணு கல்யாணத்துக்கு என் மணநிலை எதுக்கு? பதினொண்ணும் பன்னெண்டும் எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க, நான் எழுந்து போறேன்."

இயக்குநர் பிரிவு அலுவலரைப் பார்த்தார். பிரிவு அலுவலர் கையேட்டைப் பார்த்தார். கையேடு படிவத்தைப் பார்க்கச் சொன்னது. படிவம் கையேட்டைப் பார்க்கச் சொன்னது. எல்லாப் படிவங்களையும் இந்தத் துறைதான் அச்சடிக்கிறது என்பதால் வேறு யாரையும் பார்க்கச் சொல்லவும் வழியில்லை. கடைசியில் பதிவேட்டு அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாளைக் கூப்பிட்டார்கள். முப்பது வருடமாகத் தரைத்தளத்தில் பழைய கோப்புகளோடு இருக்கிறவர். இதுவரை மூன்றாம் மாடிக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு மணி நேரம் கழித்து, மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் தூசு தட்டின ஒரு கோப்பு.

"சட்டம் எதுவும் இல்ல சார். ஒரு குறிப்பு இருக்கு. படிக்கவா?"

"வேண்டாம்" என்றார் இயக்குநர்.

"படிங்கம்மா" என்றார் டிரைவரம்மா.

அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன் குரலைக் கேட்க இத்தனை பேர் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "'திருமணப் பதிவுப் படிவம் பத்தாம் கேள்வியுடன் முடிகிறது. தாளின் அடியில் நான்கு அங்குல இடம் வெறுமையாக உள்ளது. பார்வைக்கு நன்றாக இல்லை. ஏதேனும் இரண்டு கேள்விகள் சேர்த்து நிரப்பவும்.' கீழே அப்போதைய கண்காணிப்பாளர் கையெழுத்து. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின தேதி."

பெரியவர் விரல்களை விரித்து நான்கு அங்குலம் அளந்து பார்த்தார்.

"வெறுமையை நிரப்பறதுதானே எங்க வேலை" என்று பிரிவு அலுவலர் மெதுவாகச் சொன்னார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இயக்குநர் சமாளித்துக்கொண்டார். இது மிகவும் கவனிக்கத்தக்க விஷயம், உடனே ஒரு குழு அமைக்கப்படும், ஒன்றரை வருடத்தில் இடைக்கால அறிக்கை வரும் என்றார்.

"எனக்கு ஆறு நாள்தான் சார் இருக்கு."

டிரைவரம்மா மகளின் படிவத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தார். மேசைமேல் வைத்து, அடியிலிருந்து நான்கு அங்குலம் மடித்தார். மடிப்பின்மேல் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை இழுத்தார். பிறகு கிழித்தார். ஒரே இழுப்பு, ஓரம் நேராக வந்தது. கிழித்த துண்டை ஒன்பது பென்சில்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சுருக்கின படிவம் செல்லும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"போடலைன்னா?"

"ஒரு நாளைக்கு எட்டு டிரிப் சார். ஒவ்வொரு டிரிப்புலயும் அந்தக் குறிப்பைக் கண்டக்டர் சத்தமாப் படிப்பாரு. நல்ல குரல் அவருக்கு."

"எனக்கும் ஒரு நகல் வேணும்" என்றார் பெரியவர். "எனக்கும்" என்றார் தாதி. மணமாகாதவர் வரிசையிலிருந்து நாலைந்து குரல்கள் சேர்ந்தன. இயக்குநர் கூட்டத்தை எண்ணுவது தெரிந்தது. எண்ணிக்கை ஒரு பத்தி ஒதுக்குகிற அளவை நெருங்கியிருக்க வேண்டும். ஒன்பதில் ஒரு பென்சிலைக் கையில் எடுத்தார்.

"பேனா சார்" என்றார் டிரைவரம்மா.

பேனாவால் எழுதினார். 'இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது' என்று கீழே சேர்த்தார். அதைக் கொள்வதற்காக அந்த வாரமே எழுபது பேர் படிவத்தோடு வந்தார்கள். எல்லோர் படிவமும் நான்கு அங்குலம் குட்டையாக இருந்தது.

இட்டு நிரப்பிய கணவர் இன்றைக்கும் துறையின் புத்தகங்களில் இருக்கிறார். அவரை நீக்கினால் அட்டவணை சாய்ந்துவிடும். அவருக்கு இப்போது 52.4 வயது. துறை அவருக்குச் சென்ற மாதம் கண் பரிசோதனைக்கு அழைப்பு அனுப்பியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி வாங்கிவிட்டாள்.

மாற்றலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கல்யாணம் பதிவானது. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மகள் இடக்கையால் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை கையை எங்கும் ஒளிக்கவில்லை. எழுத்தர் குட்டையான படிவத்தைப் புரட்டிப் பார்த்தார், அடிக்கோல் எடுத்து அளந்தார், இயக்குநரின் வரியை மூன்று முறை வாசித்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு சாட்சியைக் கூப்பிட்டார்.

டிரைவரம்மா முன்னால் வந்தார்.

"பொண்ணுக்கு என்ன உறவு?"

"அம்மா."

எழுத்தர் பழக்கதோஷத்தில் கேட்டார். "மணநிலை?"

"அந்தக் கேள்வி அதுல இருக்கா?"

எழுத்தர் தாளை முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இல்ல."

"அப்ப பேனாவைக் குடுங்க" என்றார் டிரைவரம்மா.